துப்பாக்கியும் மரியாதையும்: எனக்கே ஒரு மறுப்பு

கடற்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். ஐந்து பேர் என்னைப்போல அரசாங்கத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் பிரெஞ்சு பென்ஷன்காரர். இன்னொருவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். காந்தி சிலையில் ஆரம்பித்து துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்புவோம். நடை இருபது நிமிஷம் என்றால் பேச்சு ஒரு மணி நேரம்.

போன வாரம் மருந்துக்கடை நண்பர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார். காரோட்டி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்கிறார். போலீஸ்காரர் நன்றி சொல்கிறார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசியில் கைகுலுக்கல்.

"பாருங்க சார், துப்பாக்கி வச்சிருக்கவன்கிட்ட போலீஸ் எவ்ளோ மரியாதையா பேசறான்! நம்ம ஊர்ல ஹெல்மெட் இல்லாம போனாலே வா போன்னு கூப்பிடறான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது துப்பாக்கிக்கு இல்ல சார், ஒழுக்கத்துக்கு. ஒழுங்கா இருக்கறவனுக்கு எந்த ஊர் போலீஸாலயும் தொந்தரவு கிடையாது" என்றார் இன்னொருவர், முன்னாள் பொதுப்பணித் துறை.

பிறகு இருவரும் சேர்ந்து என்னைக் காட்டி, "நம்ம சாரே நேர்ல பார்த்துட்டு வந்தவராச்சே, கேளுங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பரிகாரம்தான் இந்தக் கட்டுரை. அந்த நண்பர்கள் இருவரும் இதைப் படிப்பார்கள். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நேரில் வாதம் செய்து நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. எழுதித்தான் பழக்கம்.

2018 கோடையில் டெக்சாஸ் மாநிலத்தில் என் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊர். திரும்பி வந்ததும் இங்கே பயணக் கட்டுரைகளாக எழுதித் தள்ளினேன், பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்காக ஒரு சம்பவத்தை மட்டும் திரும்பச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரர், என் வயதுதான். என் பிரெஞ்சு வாசனையுள்ள ஆங்கிலமும் அவருடைய டெக்சாஸ் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று புரியாவிட்டாலும் நன்றாகப் பழகினோம். ஒருநாள் தக்காளி நாற்று வாங்கப் போகலாம் என்று தன் பிக்கப் வண்டியில் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது பத்தாம் எண் நெடுஞ்சாலையில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. வேகம் அதிகம்.

மனிதர் பதறவில்லை. வண்டியை ஓரம் கட்டினார், எஞ்சினை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், கைகளை ஸ்டியரிங் மேல் வைத்தார். போலீஸ்காரர் வந்தார், இளைஞர். காரோட்டும் உரிமத்தைக் கேட்டார். நம்மவர் அதோடு இன்னொரு அட்டையையும் சேர்த்து நீட்டி, வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்றார். எனக்கு அதுவரை தெரியாது! ஒரு மணி நேரமாக அந்தத் துப்பாக்கிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து தக்காளியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். போலீஸ்காரர், "சரி சார், அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு என்ன துப்பாக்கி, எங்கே மீன் பிடிக்கப் போவீர்கள் என்று கொஞ்சம் பேச்சு. அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும். போகும்போது இருவரும் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திக்கொண்டார்கள்.

இவ்வளவுதான் நான் எழுதியது. இதைத்தான் கடற்கரையில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் என் நண்பர்கள் இருவரும் அதில்தான் தவறு செய்கிறார்கள்.

அவர் நீட்டிய இரண்டாவது அட்டை டெக்சாஸ் அரசு தருகிற கைத்துப்பாக்கி உரிமம். 2018இல் அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது, படைவீரர்களுக்கு மட்டும் சலுகை. சட்டம் படிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். 3, 7, 15 கஜ தூரத்தில் நின்று மொத்தம் 50 தோட்டா சுட்டு, 250 மதிப்பெண்ணுக்கு 175 வாங்க வேண்டும். விரல் ரேகை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. உரிமக்காரர் துப்பாக்கியோடு இருக்கையில் போலீஸ் அடையாள அட்டை கேட்டால் இரண்டு அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. போலீஸ்காரர் பாதுகாப்புக்கு அவசியம் என்று நினைத்தால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆபத்தில்லை என்று தெரிந்தால் அவரை அனுப்பும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் எழுத்தில் இருக்கிறது. இது போதாதென்று, காரை நிறுத்தும் போலீஸிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும் என்று 2017இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதே சட்டம் போலீஸ்காரர்களுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது.

ஆக, அந்தச் சாலையோரத்தில் நான் பார்த்தது இரண்டு மனிதர்களின் பெருந்தன்மையை அல்ல. இரண்டு பேருக்கும் வசனம் மனப்பாடம். எந்தக் கை எங்கே இருக்க வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், எந்தக் காகிதம் முதலில் வர வேண்டும் என்று எல்லாம் முன்பே தெரியும். காகிதம் போட்ட பாதையில் இருவரும் நடந்தார்கள். மருந்துக்கடை நண்பரே, துப்பாக்கிக்குக் கிடைத்த மரியாதை இல்லை அது, அட்டைக்குக் கிடைத்த மரியாதை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நம் புதுச்சேரியில் ஆயுத உரிமக் கோப்புகளோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். நம் ஊரில் துப்பாக்கியா என்று கேட்பவர்களுக்கு: இருந்தது, இருக்கிறது. வங்கி வாசலில் காவல் நிற்கும் முன்னாள் ராணுவத்தார், தோப்பும் வயலும் வைத்திருந்த பெரிய குடும்பங்கள், நகைக்கடைக்காரர்கள், அப்புறம் நம் சொல்தாக்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களுக்குத் துப்பாக்கிமேல் ஒரு பாசம் உண்டு. எங்கள் பதிவேட்டில் பெரும்பாலும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள்தான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற அளவுக்கு அப்போது தேறியிருந்தேன்.

துப்பாக்கி உரிமக்காரர்களும் போலீஸும் நேருக்கு நேர் சந்திக்கும் பெரிய திருவிழா தேர்தல்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போகும். (தேர்தல் ஆணையம் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டச் சொல்லவில்லை. ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்ய மாவட்டந்தோறும் ஒரு குழு வைக்கச் சொல்கிறது. நடப்பில் பல ஊர்களில் எல்லோருக்கும் ஒரே ஓலைதான் போகும். அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பிடுங்கக் கூடாது என்று 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிற்க.)

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சொல்தா ஐயா இருந்தார். இந்தோசீனாவில் சண்டை போட்டவர். அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தன் பேருக்கு மாற்றி வைத்திருந்தார். அதைக் கொண்டு அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காவல் நிலையத்துக்குப் போவார். ஏட்டு எழுந்து நிற்பார். "வாங்க ஐயா, எப்படி இருக்கீங்க? பென்ஷன் வந்துச்சா?" டீ வரும். ரைட்டர் துப்பாக்கி எண்ணைப் பார்த்து ரசீது எழுதுவார். ஐயா கண்ணாடியைப் போட்டு எண்ணைச் சரிபார்ப்பார். தேர்தல் முடிந்ததும் அதே மரியாதையோடு திரும்பி வரும். பதினைந்து வருஷம் இப்படித்தான் நடந்தது. புதுப்பிக்க எங்கள் அலுவலகம் வரும்போதெல்லாம் அந்த ஏட்டைப் பற்றி வாய் நிறையச் சொல்வார். "நம்ம ஊர் போலீஸ் தங்கம், முசியே."

பிறகு ஒரு தேர்தல். ஏட்டு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு ஐயா யாரென்று தெரியாது. "எதுக்குய்யா உனக்குத் துப்பாக்கி? யாரைச் சுடப் போற?" என்று கேட்டாராம். எழுபத்தைந்து வயது மனிதரை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை. "நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?" என்றார்களாம்.

அதே ஐயா, அதே துப்பாக்கி, அதே உரிமம், அதே வெள்ளைச் சட்டை. எதிரே இருந்த ஆள் மட்டும் வேறு. ஒழுக்கத்தில் என்ன குறை வந்துவிட்டது, பொதுப்பணித் துறை நண்பரே?

ஐயா நேராக என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரசீது வாங்கித் தாருங்கள், அது போதும் என்றார். நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மேலே இருந்து பதில் வாய்மொழியாக வந்தது: "பதினஞ்சு வருஷம் நல்லாத்தானே நடந்திருக்கு? ஒரு தடவைதானே? பெரிசு பண்ணாதீங்க." நானும் பெரிசு பண்ணவில்லை. துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று என் கையாலேயே எழுதிக் கோப்பை மூடினேன். ஐயா அந்த வருஷமே துப்பாக்கியை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டு உரிமத்தைச் சரண்டர் செய்தார். கையெழுத்துப் போட வந்தபோது என்னிடம் பிரெஞ்சில்தான் பேசினார். அவர் கோபத்தில் இருக்கும்போது பிரெஞ்சுக்கு மாறிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

என்ன குறை அங்கே? பதினைந்து வருஷம் ஏட்டு எழுந்து நின்றது அந்த ஏட்டின் நல்ல குணம். ரசீது கொடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான். அது தன் உரிமை என்று ஐயாவும் நினைக்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை. நல்ல குணம் மாற்றலாகிப் போகும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டான், கொடி மாறிவிட்டது. அதை 'தெ ஃபக்தோ' என்றார்கள், நடைமுறை மாற்றம். சட்டப்படியான மாற்றம், அந்த 'தெ ஜூரே', 1962 ஆகஸ்ட் 16க்குத்தான் வந்தது. நடுவில் ஏறத்தாழ எட்டு வருஷம். எனக்கு 1962இல் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எங்கள் ஆசிரியர் இந்த இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி நடுவே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை எவனும் என்றைக்கும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் இருப்பதை எடுக்க முடியாது என்றார். வீட்டில் பெரியவர்கள் அந்த எட்டு வருஷமும் பத்திரத்தை என்ன செய்வது, பென்ஷன் என்னாகும் என்று தவித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டின் பருமன் தெரியும்.

நண்பர்கள் காட்டுகிற வீடியோ எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை.

இப்போது நான் விட்டுவிட்ட பகுதிக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பிக்கப் வண்டியில், துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. மடியில் வைத்திருந்த துணிப்பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுக்கப் போனேன். போலீஸ்காரரின் குரல் மாறியது. "சார், கையை வெளியே எடுங்கள். நான் பார்க்கும்படி வையுங்கள். இப்போதே." அவருடைய வலது கை இடுப்புக்குப் போயிருந்தது. நான் கையை எடுத்து டாஷ்போர்டு மேல் வைத்தேன். விரல் நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர், "இவர் என் நண்பர், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்" என்று அவசரமாகச் சொன்னார். போலீஸ்காரர் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். பிறகுதான் மீன் பிடிக்கும் பேச்சு.

துப்பாக்கி வைத்திருந்தவருக்குச் சிரிப்பு கிடைத்தது. கைக்குட்டை வைத்திருந்தவனுக்குக் கட்டளை கிடைத்தது. அந்தப் போலீஸ்காரரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் நிலையில் இருந்து பார்த்தால், பைக்குள் போகும் கை பயமுறுத்தும்தான். தோல் நிறம் அதில் எவ்வளவு பங்கு என்று அளக்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் அந்த ஒரு விநாடியை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதவில்லை. போன இடத்தில் மரியாதையாக நடத்தினார்கள் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது பாருங்கள், அது கெட்டுப்போகுமே என்றுதான்.

அந்த விநாடியில் இறந்துபோனவர் ஒருவர் உண்டு. ஃபிலாண்டோ காஸ்டில். மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளியில் உணவுக்கூட மேற்பார்வையாளர், கறுப்பினத்தவர், 32 வயது. பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருக்கு அத்துப்படி என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். 2016 ஜூலை 6 மாலை, ஃபால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் பின்விளக்கு எரியவில்லை என்று அவர் காரை நிறுத்தினார்கள். ஒரு கொள்ளையில் தேடப்படுபவரைப்போல மூக்கு அகலமாக இருக்கிறது என்று நிறுத்துவதற்கு முன்பே அந்தப் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார்.

காஸ்டிலிடம் துப்பாக்கி இருந்தது. முறையான உரிமமும் இருந்தது. மினசோட்டா சட்டப்படி போலீஸ் கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்காமலே, மரியாதையாக, சார் என்று அழைத்து, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். வீடியோவில் வருகிறவர் செய்ததைத்தான் இவரும் செய்தார். லைசென்ஸைக் காட்டு என்று முதலில் கேட்டாகிவிட்டது. துப்பாக்கி என்றதும் எடுக்காதே என்றார்கள். எடுக்கவில்லை என்றார் அவர். அடுத்த சில விநாடிகளில் ஏழு குண்டுகள். பக்கத்தில் அவருடைய தோழி, பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் 4 வயதுக் குழந்தை. வழக்கு நடந்தது. 2017 ஜூனில் அந்தப் போலீஸ்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

எடு என்று ஒரு உத்தரவு, எடுக்காதே என்று இன்னொரு உத்தரவு, எடுக்க வேண்டிய அட்டையும் எடுக்கக் கூடாத துப்பாக்கியும் ஒரே உடம்பில். அலுவலகத்தில் ஒரே கோப்பில் இப்படி இரண்டு குறிப்பு வந்தால் என்ன செய்வோம்? விளக்கம் கேட்டு மேலே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவோம். அவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

"ஆயிரத்தில் ஒன்று நடந்ததை வைத்துப் பேசலாமா?" என்று கேட்பீர்கள், தெரியும். என் பழைய மேலதிகாரி கேட்ட அதே கேள்வி. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். அதற்கு முன் பதின்மூன்று வருஷத்தில் காஸ்டிலை நாற்பது தடவைக்கு மேல் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. பெரும்பாலும் சில்லறை விஷயங்களுக்கு. அந்த நாற்பதில் ஒவ்வொன்றிலும் அவர் உயிரோடு வீட்டுக்குப் போனார். எதையாவது படம் பிடித்திருந்தால் அதையும் நீங்கள் கடற்கரையில் காட்டி, பார்த்தீர்களா, ஒழுங்காக இருந்தால் தொந்தரவில்லை என்று சொல்லியிருப்பீர்கள். அவை நல்ல சந்திப்புகள்தான், நான் மறுக்கவில்லை. அந்த நாற்பதும் சேர்ந்து நாற்பத்துச் சொச்சமாவது தடவை அவரைக் காப்பாற்றவில்லை.

நல்லது நடந்தால் அதைப் பற்றிப் பேசக் கூடாதா? பேசுங்கள். நானும் பேசினேன். ஆனால் 'ஒழுங்காக இருப்பவனுக்குத் தொந்தரவில்லை' என்று முடிக்கும்போது, தொந்தரவுக்கு ஆளானவன் எல்லாம் ஒழுங்கில்லாதவன் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வில்லியனூர் ஐயாவுக்கு நான் எழுதியது அந்தத் தீர்ப்புதான், வேறு சொற்களில்.

இன்னொரு வேடிக்கை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், சட்டம் தடுக்காத 21 வயது நிரம்பிய எவரும் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். தேர்வு வேண்டாம், சுட்டுக் காட்ட வேண்டாம். உரிமம் எடுத்தவருக்கு அட்டை காட்டும் கடமை இன்னும் இருக்கிறது, எடுக்காதவருக்குக் காட்ட அட்டையே இல்லை. ஒன்பது வருஷம் உரிமக் கோப்பு பார்த்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். இருவருக்கும் வசனம் மனப்பாடமாக இருந்ததால்தான் அன்றைக்கு நாங்கள் தக்காளி நாற்றோடு வீடு வந்தோம். அந்த வசனப் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டு, எல்லோரும் நல்லவர்களாக இருங்கள் என்று ஆசி கூறி அனுப்புவது என்ன நிர்வாகம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறதோ, அவன் சொன்ன பிறகு போலீஸ்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. முதலில் கேட்ட காகிதத்தை இப்போது எடுக்க வேண்டாம் என்று வாயால் சொல்லி ரத்து செய்வது. அந்த மனிதன் செய்து முடிக்கும் வரை பொறுப்பது. மீறினால் என்ன தண்டனை என்பதும் அதே பக்கத்தில். இங்கே என்றால், துப்பாக்கி கைமாறிய நிமிஷமே ரசீது. ஏட்டு எழுந்து நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

இதெல்லாம் அமெரிக்கா விவகாரம், உமக்கென்ன என்று கேட்பீர்கள். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். என் பேரனுக்குப் போன மாதம் 21 முடிந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவன், என்னைவிட ஒரு நிறம் கூடுதல் கறுப்பு, என் அப்பாவின் மூக்கு. வேண்டாம் என்று அவன் அம்மா அழுதும் கேட்கவில்லை. உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்கிற ஊரில், முறைப்படி வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, 250க்கு 231 வாங்கி உரிமம் எடுத்திருக்கிறான். வீடியோ அழைப்பில் அட்டையைக் காட்டினான். தாத்தா பார்த்த வேலை ஆயுத உரிமம் என்பதால் தாத்தா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறான். கடற்கரையில் விஷயத்தைச் சொன்னபோது நண்பர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். அந்த வீடியோவே அதற்காகத்தான் வந்தது.

நேற்று இரவு அவனைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

"அட்டையை எங்கப்பா வச்சிருக்க?"

"பர்ஸ்ல தாத்தா. வலது பக்கம், பின் பாக்கெட்ல."

"துப்பாக்கி?"

"அதுவும் வலது பக்கம்தான். ஏன்?"

இடது பக்கம் மாற்று, சட்டைப் பையில் வை, கையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோகாமல் எடுக்கிற மாதிரி வை என்றேன். சிரித்தான். "டீ-ஷர்ட்டுக்கு ஏது தாத்தா பாக்கெட்?"

இன்று காலை நடை முடிந்ததும் நேரே தையற்கடைக்குப் போனேன். அரைக்கைச் சட்டை நாலு, இடது நெஞ்சில் ஆழமான பை வைத்து. டிசம்பரில் மகள் வரும்போது கொடுத்தனுப்பலாம். துணி எடுத்தாகிவிட்டது, பையனிடமிருந்து அளவுதான் இன்னும் வரவில்லை.